கரிமூட்டத்துக்குப் பல் விளக்கப் போன மந்தி

அந்தக் காலத்தில், கல்லையும் மண்ணையும் தவிர மற்றதெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, நீளவால் மந்திக்கு முகம் கறுப்பில்லை. இப்போது பார்க்கிறீர்களே, உடம்பெல்லாம் சாம்பல் நிறம், முகமும் கையும் பாதமும் மட்டும் அடுப்புக்கரி, அதெல்லாம் பிற்பாடு வந்த கோலம். அன்றைக்கு அது உச்சந்தலை முதல் வால் நுனி வரைக்கும் வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவர்தான். நம்பாவிட்டால் விடுங்கள். கதை கேட்க வந்து உட்கார்ந்தவருக்கு இத்தனை சந்தேகம் ஆகாது.

மலையடிவாரத்து மந்திக் கூட்டத்தில் பூளையன் என்று ஒருவன் இருந்தான். பொங்கலுக்குக் கூரையில் செருகுவோமே பூளைப்பூ, அந்த வெள்ளை. பெற்றவள் ஆசையாக வைத்த பேர். அந்த வெள்ளை அவனுக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. சேற்றில் கால் வைக்க மாட்டான். மழை வந்தால் ஓர் இலைக்கொத்தை ஒடித்து முகத்துக்கு மறைப்புப் பிடிப்பான். ஆனால் வாய் மட்டும் ஒரு நாழிகை சும்மா இருக்காது. நாவல்பழம், புளியங்கொழுந்து, ஆவாரம்பூ, கொன்றைக்காய் என்று கண்டதையும் மென்றுகொண்டே இருப்பான்.

அதனால் பல் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு வெள்ளை முகத்துக்கு நடுவே பழுத்த பூவரச இலை மாதிரி ஒரு வரிசை. அவனுக்கு மட்டும்தான் அது தெரியாது. தன் முகத்தைத் தண்ணீரில் பார்க்கும்போதெல்லாம் அவன் வாயை மூடிக்கொண்டு அழகாகப் பார்ப்பான்.

அவனுக்குத் தும்பை என்ற தன் மாமன் மகள்மேல் உயிர். தும்பைக்கும் அப்படித்தான். ஆனால் கல்யாணம் என்றால் சும்மாவா? மந்திகளிடம் தாலி கிடையாது, மேளம் கிடையாது, அத்திப்பழம்தான் எல்லாம். பங்குனியில் ஓடைக்கரை அத்தி பழுத்ததும், ஒரு நாள் காலையில் கூட்டம் முழுக்க மரத்தடியில் சேரும். மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பெண்ணைப் பெற்றவள் உள்ளே பார்த்துத் தலையசைத்தால், பெண் தன் கையால் ஒரு பழத்தைப் பறித்து அந்த வாயில் போடுவாள். போட்டால் கல்யாணம் முடிந்தது. போடாமல் அவளே தின்றுவிட்டால் அவன் அந்தப் பெண் பக்கம் அதற்கப்புறம் திரும்பவே கூடாது.

அத்தி செங்காயாக இருக்கும்போதே தும்பை அவனைத் தேடி வந்தாள்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"நீ சொல்லி நான் எதுக்குக் கோவிக்கப் போறேன்?"

"உன் பல்லு நல்லா இல்ல."

பூளையன் கோபித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் வேறு கிளைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தும்பை விடவில்லை, அந்தக் கிளைக்கும் வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். பழகிருச்சு. எங்கம்மாதான், அந்த வாய்க்குள்ள எம் பொண்ணு கை போகாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டத்துல ஒருத்தன் இருக்கானாம். அவனுக்குப் பல்லு பரவாயில்லையாம்."

"பரவாயில்லையாமா?"

"எட்டு நாள்ல பழம் பழுத்துரும். அதுக்குள்ள ஏதாவது பண்ணு. நான் பழத்தை நானே திங்கிற மாதிரி வச்சிராத."

பூளையன் அன்றைக்குத்தான் தண்ணீர் ஓரமாகப் போய் முதல்முறையாக வாயைத் திறந்து பார்த்தான். பார்த்தவன் சட்டென்று மூடிக்கொண்டான். தும்பை இத்தனை நாள் இதையா சகித்துக்கொண்டாள் என்று நினைத்தபோது அவனுக்கு அவள்மேல் இன்னும் ஆசை கூடியது, தன்மேல் வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதல் நாள் வேப்பங்குச்சியால் தேய்த்தான். அப்புறம் ஆலவிழுது. அப்புறம் ஓடை மணலைப் போட்டு அரக்கு அரக்கென்று அரக்கியதில் ஈறு வீங்கிக் கன்னம் பன்னாக உப்பியதுதான் மிச்சம். பல் அப்படியேதான் இருந்தது.

அந்த வீங்கிய கன்னத்தோடு அடிவாரத்து வேலங்காட்டுப் பக்கம் போனபோதுதான் இருளாயியைப் பார்த்தான்.

இருளாயி கரிமூட்டம் போடுகிறவள். வேலமரத்து விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணைப் பூசி மூடி, உள்ளே தீ வைப்பாள். தீ எரியக்கூடாது, மூச்சுமுட்டக் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பிரித்தால் விறகெல்லாம் கரியாக நிற்கும். புருஷன் கரியை வண்டியில் ஏற்றிக் கொல்லன் பட்டறைகளுக்குக் கொண்டுபோவான், மூட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவள் பாடு. பகலெல்லாம் அந்தப் புகையிலும் தூசியிலும் நிற்பதால் நெற்றி முதல் கழுத்து வரை அட்டக்கரியாக இருப்பாள்.

மரத்தில் உட்கார்ந்திருந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். பூளையனுக்குக் கண் கூசியது. அப்படி ஒரு பல்லை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. உடைத்த தேங்காய் தோற்றுப்போகும்.

மடமடவென்று இறங்கி அவள் முன்னால் வந்து நின்றான். "அக்கா, நீ பல்லுக்கு என்ன போடுறே?"

"நான் என்னத்தப் போடுறேன். ஊர்ல எல்லாரும் குச்சி ஒடிக்கப் போவாக, எனக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? கையில இருக்கிறது கரி. அதை நுணுக்கித் தேச்சுக்கிருவேன்."

"கரியா? கரி கறுப்புல்ல?"

"கறுப்புதான். நல்லா ஆறின கரியா எடுத்து, மையா நுணுக்கி, துணியில சலிச்சு, ஒரு சிட்டிகை. ஒத்த வெரலால லேசாத் தேய்க்கணும். உன்னை மாதிரி பகையாளி பல்லுகணக்கா அரக்கக் கூடாது. அப்பறம் நல்லாக் கொப்பளிக்கணும்."

பூளையன் தன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். அத்தியையும் சொன்னான், அத்தையையும் சொன்னான், ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரனையும் சொன்னான். இருளாயிக்குப் பாவமாகப் போய்விட்டது.

"இப்பக் கையில ஒரு துண்டு கரி இல்லையேப்பா. போன மூட்டத்துக் கரி பூராம் வண்டியேறிப் போயிருச்சு. இது வேகணும். இன்னும் மூணு நாள் பொறு, முதல் துண்டு உனக்குத்தான். ஆனா ஒண்ணு, அதுக்கு முன்ன இதுல கையை வச்சிராத. ஒரு ஓட்டை விழுந்து காத்து உள்ள போனாப் போதும், அத்தனையும் பத்திக்கிட்டு எரிஞ்சு சாம்பலாயிரும். நானும் எம்புருஷனும் ரெண்டு மாசம் வெட்டி அடுக்குன விறகு."

"நான் எதுக்குக்கா கை வைக்கப் போறேன்" என்றான் பூளையன். சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னான்.

உச்சிவேளையில் இருளாயி குடத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். பூளையன் மூட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் இதற்கே போய்விட்டால் மீதி என்ன இருக்கிறது என்று விரலை மடக்கி எண்ணினான். ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரன் இந்நேரம் பல்லை விளக்கிக்கொண்டிருப்பானோ என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதுதான் கெடுத்தது. ஒரே ஒரு துண்டு. சுண்டுவிரல் அளவு. எடுத்துவிட்டு உடனே மண்ணை அப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

போய் ஒரு விரலால் மண்ணைச் சுரண்டினான்.

சூட்டில் காய்ந்த மண் ஒரு விரலுக்கு நின்றுகொடுக்குமா? பொலபொலவென்று உதிர்ந்து, கையளவு ஓட்டையாகிவிட்டது. உள்ளே போன காற்றைக் குடித்துவிட்டுத் தீ ஒரு முறை உறுமியது. அந்த உறுமலில் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு, கீழே இரண்டு, மேலே ஒன்று. சாம்பல் குப்பென்று கிளம்பி அவனைத் தலையோடு கால் மூடியது.

ஓடியிருக்கலாம். மரத்தில் ஏறினால் இருளாயியால் அவனை என்ன செய்ய முடியும்? அவனுக்கும் கால் ஓடத்தான் பார்த்தது. ஆனால் ரெண்டு மாச விறகு என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. இரண்டு ஓட்டையை இரண்டு உள்ளங்கையால் பொத்தினான். கீழே இருந்த இரண்டையும் காலால் அடைத்தான். மேலே இருந்த வெடிப்பு மட்டும் மிச்சம். சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு என்ன இருக்கிறது அவனிடம்? ஆசை ஆசையாக மழைகூடப் படாமல் காத்த முகத்தைக் கொண்டுபோய் அதில் அழுத்திக்கொண்டான்.

சுட்டது. கண்ணில் நீர் கொட்டியது. இருளாயி தண்ணீர்க் குடத்தோடு வந்து சேர்கிறவரை அவன் அசையவில்லை.

அவள் அலறவில்லை, குடத்துத் தண்ணீரை மண்ணில் கவிழ்த்துக் குழைத்து, வெடிப்புகளை ஒவ்வொன்றாகப் பூசி, ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு காலாக அவனை எடுத்துவிட்டாள். கடைசியில்தான் முகத்தை எடுத்தாள். மூட்டம் தப்பித்தது. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள். அன்றைக்கு அவள் பேசிய பேச்சையெல்லாம் நான் இங்கே சொல்வதற்கில்லை. பேசி முடித்துவிட்டு, முந்தானையைக் கிழித்து அவன் கைக்கு எண்ணெயும் மஞ்சளும் வைத்துக் கட்டியதும் அவள்தான்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றான் பூளையன்.

"பண்ணிட்டுத்தான் சொல்லுவே. மூணு நாளும் இங்கனயே கெட. எங்கயாச்சும் வெடிப்பு விட்டா எனக்குக் குரல் கொடு. அதுதான் உனக்குத் தண்டனை."

மூன்று நாளும் அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் மூட்டத்தைப் பிரித்தார்கள். நன்றாக வெந்த கரி, தட்டினால் கணீர் கணீரென்று ஒலித்தது. சொன்ன சொல் மாறாமல் முதல் துண்டை இருளாயி அவனிடம் கொடுத்தாள். அவனும் இந்த முறை அவள் சொன்னபடியே செய்தான். நுணுக்கி, சலித்து, ஒரு சிட்டிகை, ஒற்றை விரல், லேசாக. கைக்கட்டை அவிழ்த்துவிட்டு ஓடைக்குப் போய்க் கொப்பளிக்கக் குனிந்தான்.

தண்ணீரில் யாரோ ஒரு கரிக்கட்டை அவனைப் பார்த்தது.

கரி மட்டும் என்றால் கழுவினால் போய்விடும். மூட்டத்துப் புகையில் தார் மாதிரி ஒரு பிசுக்கு உண்டு, கரியைப் பிடித்துத் தோலோடு ஒட்டிவிடும். புல்லால் தேய்த்தான், மணலால் தேய்த்தான், இலுப்பைப் புண்ணாக்கால் தேய்த்தான். முகம் கறுப்பு, கை கறுப்பு, பாதம் கறுப்பு. உடம்பிலும் சாம்பல் ஏறிப் பழைய வெள்ளை போயே போய்விட்டது. அன்றும் மறுநாளும் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஓடைக்கரையிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பல்லை வெளுக்கப் போய் முகத்தையே தொலைத்துவிட்டேனே, இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அத்திமரத்தடியில் எப்படி நிற்பேன் என்று அழுதான். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கக்கூட அவனுக்கு மனசில்லை.

எட்டாம் நாள் விடிந்தது. அத்திமரத்துப் பக்கமிருந்து கூட்டம் கூடுகிற சத்தம் கேட்டது. பூளையன் எழுந்திருக்கவில்லை.

அப்போது ஓடையில் குளித்துவிட்டு ஒரு பெண் ஏறி வந்தாள். மஞ்சள் பூசிய மாநிற முகம், நெற்றியில் குங்குமம். "என்னப்பா, இன்னைக்குத்தானே பழம் போடுறாக? இங்க என்ன குத்தவச்சிருக்க?" என்றாள்.

குரலை வைத்துத்தான் அது இருளாயி என்று கண்டுகொண்டான். கரி வண்டியேறிவிட்டது, புருஷனோடு ஊருக்குக் கிளம்புகிறாள், அதனால் குளித்திருக்கிறாள். அவனைப் பார்த்து அவள் சிரித்தாள். பூளையன் திகைத்துப் போனான்.

"அக்கா, உன் பல்லு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"அன்னைக்குப் பாத்தப்ப அப்படி வெளுப்பா இருந்துச்சு. இப்ப எல்லார் பல்லு மாதிரியும் இருக்கு."

இருளாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அட கூறுகெட்டவனே. எம் பல்லு எப்பவும் இதேதான். கரி தேச்சாக் கறை கொஞ்சம் போகும், மீதிய மூஞ்சி பாத்துக்கிரும். அட்டக்கரி மூஞ்சியில எந்தப் பல்லும் பளிச்சுன்னுதான் தெரியும். வெள்ளை மூஞ்சியில இருந்தா மஞ்சளாத் தெரியும்."

பூளையனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதற்காகவா கையைச் சுட்டுக்கொண்டேன், இதற்காகவா முகத்தைக் கொண்டுபோய் நெருப்பில் வைத்தேன் என்று பொருமினான். பொருமிக்கொண்டிருக்கும்போதே இருளாயி சொன்னதன் மறுபாதி மண்டையில் இறங்கியது. மெல்லத் தண்ணீர்ப் பக்கம் திரும்பினான். குனிந்தான். பயந்து பயந்து வாயைத் திறந்தான்.

அப்புறம் இருளாயிக்குப் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட அவன் நிற்கவில்லை.

அத்திமரத்தடியில் அவன் போய்க் குதித்தபோது பாதிக்கூட்டம் பயந்து கிளையேறிவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரன் நடுவில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாயைத் திறக்கத் தயாராக இருந்தான். தும்பை கையில் ஒரு பழம். அதை வாயருகே கொண்டுபோயிருந்தாள், அவனுக்குப் போடாமல் தானே தின்றுவிடுவதற்காக.

"யாருடி இது, அடுப்புக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி?" என்றாள் அத்தை.

"நான்தான் அத்தை. பூளையன்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தக் கறுப்புக்கு நடுவே பல் வரிசை அப்படி மின்னியது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரன் திறக்கப்போன வாயை மூடிக்கொண்டு, தனக்கு அவசர வேலை இருப்பதாக யாரிடமோ சொல்லிவிட்டு நகர்ந்தான். அத்தை கிட்டே வந்தாள், பார்த்தாள், இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் தலையை அசைத்தாள்.

தும்பை பழத்தை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்தாள். அந்த நேரத்தில் பூளையனுக்கு ஒரு மனசாட்சி உறுத்தல்.

"புள்ள, கொஞ்சம் பொறு" என்று அவள் காதில் மட்டும் படும்படி சொன்னான். "உன்னை ஏமாத்த எனக்கு இஷ்டமில்ல. பல்லு அவ்வளவா ஒண்ணும் வெளுக்கல. மூஞ்சி கறுத்துப் போச்சு, அதான் அப்படித் தெரியுது. இந்தக் கறுப்பு இனிப் போகாது. யோசிச்சுப் போடு."

தும்பை அவன் முகத்தைப் பார்த்தாள், சூட்டுத் தழும்பு ஏறிய கையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியாதாக்கும்? அதை எங்கம்மாகிட்டச் சொல்லித் தொலைக்காத" என்றாள். சொல்லிவிட்டுப் பழத்தை அவன் வாயில் போட்டாள். போட்ட கையோடு அவனுடைய இரண்டு கையையும் பிடித்து, காலை மிதித்துக்கொண்டு, அவன் முகத்தோடு தன் வெள்ளை முகத்தை வைத்து இந்தக் கன்னமும் அந்தக் கன்னமும் நன்றாக உரசிக்கொண்டாள். மூட்டத்துப் பிசுக்கு போகாதே தவிர, ஒட்டுவதில் குறைவைக்காது. தும்பையின் முகமும் கறுத்துவிட்டது.

"என்ன புள்ள இப்படிப் பண்ணிட்டே?" என்றான் பூளையன் பதறிப்போய்.

"பின்ன? நீ மட்டும் கறுப்பா இருந்தா, பக்கத்துல நிக்கிற என் பல்லு மஞ்சளாத் தெரியாதா?" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவளுக்கும் பல் மின்னியது.

அதைப் பார்த்ததும் அத்தை தன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அவளும் ஆயுசெல்லாம் நாவல்பழம் தின்றவள்தானே. ஊரார் பார்க்காத சமயமாகப் பார்த்து, "மாப்பிள்ளை நல்லா இருக்கணும்" என்று ஆசீர்வாதம் செய்கிற சாக்கில் அவன் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள். அவள் கறுத்ததும் அவள் அக்காளுக்குத் தாங்கவில்லை. அக்காள் கறுத்ததும் பக்கத்துக் கிளைக்காரிக்குத் தாங்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் மந்திக் கூட்டத்தில் ஒரு வெள்ளை முகமோ கையோ காலோ, சாம்பல் ஒட்டாத உடம்போ மிச்சமில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரன்கூட மறுநாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கறுப்பாக வந்து நின்றான்.

மந்திகளின் பல்லைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் இருளாயியிடம் போய்க் கரி கேட்டு வரிசையில் நின்றார்கள். அவள் உள்ளதைத்தான் சொன்னாள். பல்லுக்கு ஒரு சிட்டிகை போதும், மீதியை மூஞ்சியில் பூசுங்கள் என்றாள். மனுஷனுக்கு அந்தத் தைரியம் ஏது? பல்லை மட்டும் தேய்த்தார்கள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இன்னும் தேய்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மந்திகள் அப்படியில்லை. வேண்டுமானால் ஒரு நாள் மலைப்பக்கம் போய்ப் பாருங்கள். தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் பச்சைக்குட்டிக்கு முகம் வெளுப்பாகத்தான் இருக்கும். அன்று முதல்தான், வெளுத்த முகத்தோடு பிறக்கிற குட்டியைத் தாய் தன் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுகிறது, கொஞ்சக் கொஞ்ச அதுவும் கறுத்துப் போகிறது.